மூணாவது முடிச்சும் எண்பத்தி ரெண்டு கிலோவும்

அட, சாப்பாட்டுக் கூப்பன் ஒண்ணக் கையில குடுத்து ஏர்போர்ட்டுலருந்து வீட்டுக்கு அனுப்பிட்டானுங்களா? உன் மருமவனும் வாங்கிக்கிட்டு வந்துட்டாரா? கோழிச்சோறு தின்னுட்டா பிளேன்ல ஏறுன மாதிரி ஆயிருமா சரோஜா? ஆபீஸ் போற புள்ள, நாலு பாஷை பேசுற புள்ள. எடம் இல்லைன்னு எவனோ சொன்னதும் 'ஓகே லா'ன்னுட்டு பெட்டியத் தள்ளிக்கிட்டு வந்துருக்காரு பாரு. நாளைக்கு ஏதோ பேப்பர்ல கையெழுத்து வேற போடப் போறாராமா? போடக்கூடாதுன்னு சொல்லு மொத. வேலியோரமா நின்னு என்னத்தப் பேசுறது, உள்ள வா. கிரைண்டர் ஓடுது, கொஞ்சம் சத்தமாத்தான் பேசணும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது ஊருக்கே தெரியும். ஆனா பிளேன் கம்பெனிகிட்ட நட்டஈடு வாங்குன பொம்பள இந்தப் பண்டமாரான்லயே நான் ஒருத்திதான், அது உனக்குத் தெரியாதுல்ல? நீ அப்ப இங்க குடி வரல. வாங்கினேன். ஆனா அத வாங்குறதுக்குள்ள என் மானம் சுபாங் ஏர்போர்ட்டுல கிலோக் கணக்குல போச்சு. (கிலோன்னு சும்மா சொல்லல, கேளு.)

அப்ப மலேசியாவுக்கே பெரிய ஏர்போர்ட்டு சுபாங்லதான் இருந்துச்சு. என் தம்பி மணியத்துக்குக் கல்யாணம். பொண்ணு ஊர்ல, துறையூர் பக்கம், எங்க மாமா வழி. திங்கக்கிழம காலையில முகூர்த்தம். நான் ஒரே அக்கா. மாப்புள மொத முடிச்சு போடுவான், மூணாவது முடிச்சு நாத்தனாதான போடணும்? அந்த முடிச்சுக்குத்தான் நான் பொறந்தேன்னு வெச்சுக்கயேன். எங்கம்மா போனப்ப அவனுக்கு மூணு வயசு. நான் எஸ்டேட்டுல பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போறப்ப அவன இடுப்புல தூக்கிக்கிட்டுப் போயி, ஒரு மரத்தடியில சாக்கு விரிச்சு ஒக்கார வெச்சுட்டு வேல செய்வேன். கொசு கடிச்சு அழுவான். 'அழுவாதடா, ஒனக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறேன்'ம்பேன். மூணு வயசுப் புள்ளகிட்ட என்ன பேச்சு பாரு! ஆனா அவன் அழுவய நிறுத்திருவான்.

சரி, இதுக்கு நடுவுல ருக்கு ஒருத்தி. எங்க பெரியப்பா மக. ஸ்ரீ கெம்பாங்கான்ல இருந்தா. அவளுக்கும் மணியம் தம்பி மொறதான. அவ ஒரு வாரம் முன்னாடியே ஊருக்குப் போயிட்டா. எனக்குப் புள்ளைங்களுக்குப் பரீச்ச, அதனால பின்னால டிக்கெட்டு. போறதுக்கு முந்தின நாளு அவ எங்க வீட்டுக்கு வந்து, சீனி போடாத காப்பியக் குடிச்சுக்கிட்டே சொல்றா, "ஒண்ணும் கவலப்படாதக்கா, ஒருவேள நீ வர முடியாமப் போனா மூணாவது முடிச்ச நான் போட்டுர்றேன்." சிரிச்சுக்கிட்டே சொல்றா! எனக்கு அன்னைலருந்து சோறு எறங்கல.

சனிக்கிழம பிளேன். பகல் ஒரு மணிக்கு. பள்ளிக்கூட பஸ்ஸு ஒண்ண வாடகைக்குப் புடிச்சு இருவத்தி மூணு பேரு என்னய வழியனுப்ப வந்தாங்க. ஒருத்தி பிளேன் ஏற இருவத்தி மூணு பேரு! நாசி லெமாக் சோத்துப் பொட்டலம், தண்ணிப் போத்தல், பாயி கூட எடுத்துக்கிட்டு வந்துருந்துச்சு எங்க மாமியா. ஏர்போர்ட்டு வாசல்ல எங்க வீட்டுக்காரரு எனக்கு ஒரு சாமந்தி மால போட்டாரு. மந்திரி மாதிரி நின்னேன். எட்டரைக்கே போயிட்டோம். கவுண்டரு தொறந்துதான் இருந்துச்சு.

அப்பவே போயி டிக்கெட்டக் குடுத்துருந்தா என்னடின்னு கேப்ப. கேளு. ஊரே கேட்டுச்சு. சனிக்கிழம ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலம். பஸ்ஸுலருந்து சாமான எறக்கி, எண்ணி, ஒரு பெட்டி கொறையுதுன்னு தேடி, அது மாமியா ஒக்காந்துருந்த பெட்டிதான்னு கண்டுபுடிக்கிறதுக்குள்ள என் கைக்கடிகாரத்துல ஒம்பது ஆயிருச்சு. ராகு காலத்துல கல்யாணத்துக்குப் போற டிக்கெட்ட நீட்டுவாளா ஒருத்தி? அதுலயும் பாரு, அப்பத்தான் அரசாங்கம் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி நேரம் முன்னால தள்ளி வெச்சு ரெண்டு மூணு வருசம் இருக்கும். எல்லாரும் மாத்திக்கிட்டாங்க. நான் மட்டும் என் கைக்கடிகாரத்த மாத்தல. அரசாங்கம் முள்ளத் தள்ளி வெக்கலாம், ராகுவத் தள்ளி வெக்க முடியுமா? ராகு பழய நேரத்துலதான வருவான்! (அப்ப எனக்கு நாப்பது வயசு. அந்த வயசுல எவ்வளவு வெவரம் பாரு.) அதனால என் வாச்சில பத்தரை அடிக்கிற வரைக்கும் தூணோரமா பாய விரிச்சு ஒக்காந்துருந்தோம். கவுண்டருக்குப் போறப்ப எல்லாரு வாச்சிலயும் பதினோரு மணி.

கவுண்டருல ஒரு நம்மாளு பொண்ணு. நெத்தியில சின்னதா பொட்டு, ஒதட்டுல செவப்பு லிப்ஸ்டிக்கு. தமிழ்ப் பொண்ணுதான், மூஞ்சியில எழுதி ஒட்டிருக்கு. (எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா மூஞ்சி படிப்பேன்.) நான் தமிழ்ல பேசுறேன், அது இங்கிலீஷ்ல பதில் சொல்லுது. தமிழே தெரியாத மாதிரி. கம்பியூட்டரத் தட்டிப் பாத்துச்சு, என் வாச்சியப் பாத்துச்சு, உள்ள போயி ஒரு ஆளக் கூட்டிட்டு வந்துச்சு. டை கட்டுன மேனேஜரு. அவரு மலாய்ல சொன்னாரு, நான் லேட்டாம். கவுண்டர் அடைச்சாச்சாம். என் வாச்சியே தப்பு நேரம் காட்டுதாம்.

அடுத்த பிளேனு எப்பன்னு கேட்டேன். செவ்வாக்கிழம. கல்யாணம் திங்கக்கிழம.

பின்னாலருந்து எங்க வீட்டுக்காரரு கத்துறாரு, "அந்தப் பழய நேரத்த மாத்துடி மாத்துடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல! இப்ப ராகு வந்து ஒனக்குப் பிளேன் ஓட்டுவானா?" இருவத்தி மூணு பேரும் 'த்சு த்சு'ங்கிறாங்க. எனக்கும் என் தப்புத்தான்னே தோணிப் போச்சு. ருக்குவோட கை, தாலிக் கயித்துல மூணாவது முடிச்சு போடுறது கண்ணு முன்னால தெரியுது. அந்தக் கையில அவ மோதரம் வேற போட்டுருக்கா. அழுதுட்டேன் சரோஜா. கழுத்துல மாலையோட நின்னு அழுதா எப்படி இருக்கும்? வழியில போன சீனத்தியம்மா ஒண்ணு எனக்கு டிஷ்யூ குடுத்துட்டுப் போச்சு, யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு நெனச்சுருக்கும்.

மேனேஜரு ஒரு பேப்பர நீட்டுனாரு. இதுல ஒரு கையெழுத்து, சும்மா ரிக்கார்டுக்கு, போட்டா செவ்வாக்கிழம எடம், இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு ஃப்ரீ. பேனாவத் தொறந்தே குடுத்தாரு. அங்கதான் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. எங்கப்பா கைநாட்டு வெச்சு வெச்சே கெட்ட மனுசன். எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணி நீட்டுன எடத்துல எல்லாம் கட்டவெரல அமுக்குவாரு. சாவுறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "அம்மா, படிச்சுச் சொல்ல ஆளு இல்லாத பேப்பர்ல வெரல வெக்காத." அதனால, "வெயிட் லா மிஸ்டர்"னு சொல்லிட்டு படிச்சுச் சொல்ல ஆளத் தேடுனேன். எங்க இருவத்தி மூணு பேருல இங்கிலீஷ் படிக்கிற ஆளு ஒண்ணு கூட இல்ல. சோறு திங்கிற ஆளுங்கதான் எல்லாம்.

பக்கத்துல பெஞ்சில வெள்ள சட்ட, வெள்ள கால்சட்டையோட ஒரு பெரியவரு ஒக்காந்துருந்தாரு. கந்தையான்னு பேரு. பிரிக்பீல்ட்ஸ்காரரு, யாழ்ப்பாணத்து ஆளு, ரயில்வே ஆபீசுல பெரிய கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. "ஐயா, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க"ன்னு நீட்டுனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தாரு. அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"பிள்ளை, இதே கடுதாசியிலதான் நானும் கையெழுத்து வைச்சனான்."

"நீங்களும் லேட்டா ஐயா?"

"நானோ? நான் எட்டு மணிக்கே வந்திட்டன். ஒன்பது மணிக்கு பிளேன் நிரம்பிட்டுது எண்டு சொல்லிச்சினம்."

"அதுல என்ன எழுதிருக்கு?"

"நான் என்ர விருப்பத்தோட இடத்தை விட்டுக் குடுக்கிறன், ஒரு நட்டஈடும் கேக்க மாட்டன் எண்டு."

"இதப் படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?"

பெரியவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "முப்பத்தஞ்சு வருசம் அரசாங்கத்தில வேலை பாத்தனான், பிள்ளை. கோடு போட்டிருக்கிற இடத்தில கையெழுத்து வைக்கிறது கைக்குப் பழகிப் போச்சு. ரெண்டு பிரதியில வைச்சு, திகதியும் போட்டுக் குடுத்தனான்."

எனக்கு அழுவ நின்னு போச்சு. மண்டைல ஏதோ 'டக்'குன்னு பல்பு எரிஞ்சுச்சு. அப்ப ஒம்பது மணிக்கே ரொம்பிப் போன பிளேனுக்கு, பதினோரு மணிக்கு வந்த நான் எப்படி லேட்டு? ஏழு மணிக்கு வந்துருந்தாலும் எனக்கு எடம் இருந்துருக்காதுல்ல? ராகு மேல தப்பே இல்ல! பாவம், அவன் மேல பழியப் போட்டுட்டாங்க. எடத்துக்கு மேல டிக்கெட்ட வித்துட்டு, என் வாச்சியக் காட்டி என்னயக் குத்தவாளி ஆக்கிட்டாங்க.

பெரியவரு என் டிக்கெட்டு புக்கத் திருப்பி, பின்னால எறும்பு ஊர்ற மாதிரி எழுதிருந்ததப் படிச்சாரு. அளவுக்கு மேல டிக்கெட்டு வித்துட்டா, மொதல்ல தானா விட்டுக் குடுக்குற ஆளத் தேடணுமாம். விட்டுக் குடுக்க மாட்டேங்கிறவங்கள ஏத்தலைன்னா நட்டஈடு குடுக்கணுமாம். போய்ச் சேர வேற வழி பண்ணணுமாம். "ஆனால் சத்தம் போடாதேங்கோ பிள்ளை, மரியாதையா ஒரு முறைப்பாடு எழுதிக் குடுப்பம்"ங்கிறாரு.

"எழுதுறது நீங்க எழுதுங்கய்யா. எனக்குத் தெரிஞ்ச வேலைய நான் பாக்குறேன்"னேன்.

எனக்கு என்ன வேல தெரியும்? எஸ்டேட்டு வேல. அங்க பால் நிறுக்குற எடத்துல கிராணி கணக்கக் கொறைச்சான்னா, எங்க பொம்பளைங்க வாயே பேச மாட்டாங்க. தராச மறிச்சுக்கிட்டு ஒக்காந்துருவாங்க. பின்னால நாப்பது பேரு வாளியோட நிப்பாங்க. பால் கட்டிப் போயிரும். கிராணி தானா வழிக்கு வருவான். தராசு நின்னா தோட்டமே நிக்கும், தெரியுமில்ல?

நேராப் போனேன். கவுண்டருக்குப் பக்கத்துல பெட்டி நிறுக்குற தராசு, தரையோட தரையா பலக மாதிரி. மாலையச் சரி பண்ணிக்கிட்டு, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, அது மேல சப்பணம் போட்டு ஒக்காந்துட்டேன்.

"என்னயும் ஒரு பெட்டின்னு வெச்சு அனுப்புங்க. திங்கக்கிழம காலையில நான் துறையூர்ல இருக்கணும்."

இப்பத்தான் மானம் போற எடம் வருது. அந்தத் தராசுக்கு மேல ஒரு டப்பா. அதுல செவப்பு எழுத்துல நம்பரு எரியும், எல்லாருக்கும் தெரியுற மாதிரி. நான் வீட்டுக்காரருகிட்ட அறுவத்தஞ்சு கிலோன்னு சொல்லி வெச்சுருந்தேன். எங்க சனத்துல எழுத்துத் தெரியாட்டியும் நம்பரு தெரியாத ஆளு கெடையாது. இருவத்தி மூணு பேரும் கோயில்ல அரோகரா சொல்ற மாதிரி ஒரே கொரல்ல,

"எண்பத்தி ரெண்டூ!"

எங்க மாமியா மட்டும் தனியா, "மாலையக் கழிச்சுக்கங்க, ஒரு கிலோ வரும்"னுச்சு. ரொம்ப நல்ல மனுசி.

செக்யூரிட்டி கார்டு வந்து எங்க வீட்டுக்காரருகிட்ட, "இது யாரு?"ன்னு கேட்டான். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "தெரியல பாஸ், நானும் இப்பத்தான் பாக்குறேன்." கட்டுன புருசன்! பிளேன்லருந்து விழுந்தா கூட இவ்வளவு அடி பட்டுருக்காது. ஆனாலும் நான் எந்திரிக்கல. எண்பத்தி ரெண்டு கிலோன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இனிமே எறங்கி என்ன ஆவப் போவுது?

பின்னால வேற பிளேனுக்குப் போறவங்க வரிச நீண்டுக்கிட்டே போவுது. பெட்டி நிறுக்க முடியல. கந்தையா ஐயா ஒரு பக்கம் நின்னு டிக்கெட்டுல உள்ளத ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல படிக்கிறாரு, மரியாதையா, தேவாரம் படிக்கிற மாதிரி. நான் அதத் தமிழ்லயும் மலாய்லயும் கத்துறேன். "ஒம்பது மணிக்கு ரொம்புன பிளேனுக்கு நான் எப்படி லேட்டு? மானா போலே, எப்படி முடியும்?" வரிசையில நின்ன ஒரு மலாய்க்காரப் பெரியவரு, பாக்சிக்கு, "பெதுல், பெதுல், அவங்க சொல்றது சரிதான"ன்னாரு. கம்பியூட்டரு பொண்ணு பாத்துச்சு. தராசு பலக எனக்குக் கீழ 'கிறீச்'சுன்னுச்சு. அவ்வளவு நேரம் தமிழே தெரியாதவ, "ஐயோ அக்கா! எறங்குங்கக்கா, தராசு ஒடஞ்சு போயிரும்! நீங்க எட்டரைலருந்தே பாயப் போட்டு ஒக்காந்துருந்தீங்கன்னு நான் சொல்லிர்றேங்க்கா!"ன்னு தாய் பாஷையில அலறிருச்சு.

சொல்லவும் சொல்லுச்சு. நல்ல பொண்ணு.

மேனேஜரு ஒரு போன் போட்டாரு, ரெண்டு போட்டாரு. வேற கம்பெனி பிளேன்ல சிங்கப்பூரு, அங்கருந்து மெட்ராசு. ஞாயித்துக்கிழம போயிரலாம். நட்டஈடு ஒரு உறையில. நான் எறங்கல. "ஐயாவுக்கும்"னேன். அவரு கையெழுத்துப் போட்டதால நட்டஈடு கெடையாதுன்னுட்டாரு மேனேஜரு. எடமாவது குடுங்கன்னு பலகைய இன்னும் ஒரு தரம் 'கிறீச்'சுன்னு ஆட்டுனேன். குடுத்தாங்க.

இப்ப உறைய வாங்கணும்னா கையெழுத்துப் போடணும். மறுபடியும் பேப்பரு! ஐயாவ மூணு தரம் படிக்கச் சொன்னேன். மூணாவது தரம் இருவத்தி மூணு பேருக்கும் கேக்குற மாதிரி. சரின்னு ஆனதும் கட்டவெரல நீட்டுறேன், ஏர்போர்ட்டு முழுக்க மையி இல்ல. கம்பியூட்டரு இருக்கு, மைப் பெட்டி இல்ல! அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி அதோட லிப்ஸ்டிக்க எடுத்து என் வெரல்ல பூசி விட்டுச்சு. நல்ல ரத்தச் செவப்பு. அமுக்குனேன். மேனேஜரு அந்தப் பேப்பர ரெண்டு வெரலால புடிச்சு, ஊதி ஊதிக் காய வெச்சாரு.

கடைசில அவரே கேட்டாரு, "ஊருக்குச் செய்தி அனுப்பணுமா ஆன்டி? கம்பெனி செலவுல தந்தி குடுக்கலாம்." ஓசியில கெடைக்குதேன்னு, "வந்துக்கிட்டே இருக்கேன், ருக்குவத் தாலிப் பக்கம் விடாதீங்க"ன்னு அனுப்பச் சொன்னேன்.

அது என் புத்தி. ஊர்ல தந்தி வந்தா என்ன அர்த்தம்? சாவுச் செய்திதான? மலேசியாலருந்து தந்தின்னதும் எங்க சித்தப்பா அதப் பிரிக்கவே இல்ல. பிரிச்சா தீட்டு, கல்யாணம் நின்னுரும். "மொதல்ல தாலி ஏறட்டும், அப்புறம் அழுதுக்கலாம்"னு அப்படியே மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாராம். யாருகிட்டயும் சொல்லலையாம், ருக்குகிட்ட மட்டும் காதோட, "ஒங்கக்கா இனிமே வரமாட்டா, நீயே முடிச்சப் போட்டுரு"ன்னாராம்.

மெட்ராசுல கந்தையா ஐயா திருச்செந்தூருக்குப் பிரிஞ்சு போறப்ப, "படிச்சவன் நான், பிழைச்சது நீங்கள்"னுட்டுப் போனாரு. நான் அங்கருந்து பஸ்ஸு மாறி மாறி, தூங்காத மூஞ்சி, அவுந்த கொண்ட, மண்டபத்துக்குள்ள நொழையிறேன். கெட்டிமேளம்! மணியம் குனிஞ்சு முடிச்சு போட்டுக்கிட்டு இருக்கான். ருக்கு பின்னால கயித்துக்குக் கைய நீட்டிட்டா, மோதரத்தோட.

"ருக்கூ!"ன்னேன்.

சித்தப்பா என்னயப் பாத்தாரு. "ஐயோ, ஆவியா வந்துட்டாளே!"ன்னு அரிசித் தட்டக் கீழ போட்டாரு. ருக்கு கயித்த விட்டுட்டு மேடையவிட்டே குதிச்சா. நான் ஏறிப் போயி மூணாவது முடிச்சப் போட்டேன். நல்லா இறுக்கி. மணியம் திரும்பிப் பாக்குறான். மீச வெச்ச ஆம்பள, மூணு வயசுப் புள்ள மாதிரி வாயக் கோணிக்கிட்டு அழுவுறான். சொன்னேன்ல கல்யாணம் பண்ணி வெக்கிறேன்னு?

அந்தப் போட்டோ அங்க மாட்டிருக்கு பாரு. முடிச்சு போடுற கையில கட்டவெரலு செவப்பா இருக்குல்ல? எல்லாரும் குங்குமம்ங்கிறாங்க. நானும் ஆமான்னு சொல்லிர்றது.

அந்த உறைக் காசுல கிள்ளான்ல போயி கிரைண்டரு வாங்கினேன். லோரிலருந்து அத எறக்க ரெண்டு பேரு தெணறுனாங்க. எங்க வீட்டுக்காரரு வாசல்ல நின்னுக்கிட்டு, "என்னடா இப்படி மூச்சு வாங்குறீங்க, எண்பத்தி ரெண்டு இருக்காதுடா"ன்னாரு. அன்னைலருந்து அதுக்குப் பேரு ஏரோப்பிளேன். இன்னைக்கும் என் பேரப்புள்ளைங்க, "பாட்டி, ஏரோப்பிளேன்ல உளுந்து போட்டாச்சா?"ன்னுதான் கேக்கும். தீவாளிக்கு ருக்குவும் வருவா. இட்லிய ரெண்டு கையாலயும் தின்னுட்டு, "நான் குதிச்சுருக்கக் கூடாதுக்கா"ம்பா. ஒவ்வொரு வருசமும்.

ஐயய்யோ, சத்தம் மாறுது கேக்குதா? மாவு பொங்கி வெளிய வருது. நகரு நகரு, நான் ஏரோப்பிளேன நிறுத்துறேன். நீ போயி மருமவன அந்தப் பேப்பரோட கூட்டிட்டு வா, கந்தையா ஐயா மகன் பிரிக்பீல்ட்ஸ்ல வக்கீலு, போன் போட்டு அவருகிட்டப் படிச்சுக் காட்டலாம். பேனா வேணாம். ஒம்மகளோட லிப்ஸ்டிக்க எடுத்துக்க. செவப்பு.